படி ஏறும் ரோபோவுக்குப் பூ கட்டத் தெரியுமா?

திருத்தணி மலையடிவாரத்தில் பூ கட்டும் அம்மாக்களை நீங்கள் எத்தனையோ முறை கடந்து போயிருப்பீர்கள். கண் வருகிறவர் போகிறவர் மேல் இருக்கும். வாய் முழம் என்ன விலை என்று சொல்லிக்கொண்டிருக்கும். விரல்கள் மட்டும் தம் போக்கில் மல்லிகையை நாரில் முடிந்துகொண்டே போகும். இதைப் படித்து முடிக்கும்வரை அந்த விரல்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதரைப் போன்ற ரோபோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வந்தால் நமக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவற்றை வைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

"தூரத்தில் என்ன, வந்தேவிட்டதே" என்று நீங்கள் சொல்லலாம். செல்போனில் பார்த்திருப்பீர்கள். இரண்டு கால், இரண்டு கை, தலை எல்லாம் உள்ள இயந்திரம் ஆடுகிறது, ஓடுகிறது, குட்டிக்கரணம் போடுகிறது. எது கேட்டாலும் தமிழிலேயே பதில் சொல்லும் செயலியும் அதே போனில் இருக்கிறது. அந்த உடம்பில் இந்தப் பேச்சை ஏற்றிவிட்டால் ஆள் தயார்தானே? நியாயமான சந்தேகம்தான். ஆனால் சிக்கல் முழுவதும் அந்த ஏற்றுகிற இடத்தில் இருக்கிறது.

முதலில் இரண்டு சொற்கள். ரோபோ (தானே அசைந்து வேலை செய்யும் இயந்திரம்) என்பது உடல். செயற்கை நுண்ணறிவு (பார்த்து, புரிந்து, முடிவெடுக்கும் வேலையைக் கணினி செய்வது, சுருக்கமாக ஏஐ) என்பது அந்த உடலை நடத்தும் மூளை. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றதும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எடுத்துக்காட்டு வேண்டுமா? கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் 2023 பிப்ரவரியில் ஓர் இயந்திர யானையை நடையிருத்தினார்கள். காது ஆடும், கண் அசையும், தும்பிக்கை தூக்கும். எல்லாம் மின்மோட்டார் வேலை. உருவம் உண்டு, அறிவு கிடையாது. உங்கள் போனில் பேசும் செயலி இதற்கு நேரெதிர். அதற்கு அறிவு போன்ற ஒன்று உண்டு, ஒரு துரும்பை நகர்த்த விரல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், பற்றவைக்கும் ரோபோ கைகளைப் பற்றிச் சொல்வார். வேலிக்குள் நின்று ஒரே அசைவை நாளெல்லாம் துல்லியமாகச் செய்யும். காரை நான்கு விரற்கடை தள்ளி நிறுத்தினால், பெரும்பாலானவை வெறும் காற்றைத்தான் பற்றவைக்கும். நாம் பேசுவது இந்த மூன்றையும் பற்றி அல்ல. உடலும் அறிவும் சேர்ந்து, புது இடத்தில், புதுப் பொருளோடு, நம்மைப் போல் சமாளிக்கும் ரோபோவைப் பற்றி.

அதற்கு ஏன் மனித உருவம்? சக்கரம் வைத்தால் போதாதா? சமதரையில் போதும். ஆனால் நம் ஊரை நினைத்துப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து மலைக்கோயிலுக்கு 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்று என்ற கணக்கு. படியின் உயரம் மனிதக் காலுக்கு அளந்தது. குடத்தின் கழுத்தும் கதவின் தாழ்ப்பாளும் மனிதக் கைக்கு அளந்தவை. உலகத்தையே நம் உடம்புக்கு ஏற்றபடி கட்டி வைத்திருப்பதால், நம் உடம்பு மாதிரியே ஓர் இயந்திரம் செய்தால் எங்கும் நுழையலாம் என்பது அந்த உருவத்தைச் செய்பவர்களின் வாதம்.

சரி, படி ஏறுமா? ஏறும். ஆனால் அந்த இடத்துக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் இரண்டு காலில் நடக்கும் ரோபோவுக்கான ஆராய்ச்சியை 1986-ல் தொடங்கியது. 2000-ல் அசிமோ என்ற ரோபோவைக் காட்டியது. உலகமே வியந்தது. 2006-ல் டோக்கியோவில் மேடையில் படி ஏறிக் காட்டும்போது அசிமோ கால் தவறி விழுந்தது. சில படிகளே கொண்ட மேடைப் படிக்கட்டு அது, அதுவும் முன்கூட்டியே அளந்து பழக்கிய படிக்கட்டு.

2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனித உருவ ரோபோக்களுக்கு அரை மாரத்தான், அதாவது சுமார் 21 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். 21 ரோபோக்கள் கலந்துகொண்டன. முதலில் வந்த தியான்கோங் அல்ட்ரா 2 மணி 40 நிமிடத்தில் ஓடி முடித்தது. வழியில் மூன்று முறை அதன் பேட்டரியை மாற்றினார்கள், கூடவே ஆட்களும் ஓடினார்கள். தொடங்கும் இடத்திலேயே விழுந்த ரோபோக்களும் உண்டு. இருந்தாலும் முன்னேற்றம் பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கால் எப்படித் திடீரென்று இவ்வளவு தேறியது? கணினிக்குள்ளேயே ஒரு பொய்த் தரையும் பொய் ரோபோவும் செய்து, அங்கே ஆயிரக்கணக்கான ரோபோக்களை ஒரே நேரத்தில் விழவிட்டுப் பழக்குகிறார்கள். இதற்கு உருவகப் பயிற்சி (நிஜத்தைப் போன்ற கணினி உலகில் ஒத்திகை பார்ப்பது) என்று பெயர். விழுந்தால் மதிப்பெண் குறையும், நின்றால் கூடும். நமக்குப் பல ஆண்டுகள் ஆகும் பயிற்சி அங்கே சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு அந்தப் பழக்கத்தை நிஜ ரோபோவுக்கு மாற்றுவார்கள். தரை கெட்டியானது, அதைக் கணக்காக எழுத முடியும். அதனால் இது பலிக்கிறது.

அப்படியானால் ஆடிக்கிருத்திகைக்கு ரோபோ நம்மோடு படி ஏறுமா? வெறும் படியில் ஏறலாம். தண்ணீரும் மஞ்சளும் கொட்டி வழுக்கும் படியில், காவடி தோளில் இடிக்க, குழந்தைகள் குறுக்கே ஓட, கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவது வேறு. இன்னொன்றையும் யோசியுங்கள். சக்கர வண்டிக்கு மின்சாரம் நின்றால் வண்டி நிற்கும். இரண்டு கால் ரோபோவுக்கு மின்சாரம் நின்றால் அது விழும். 35 கிலோ உலோகமும் பிளாஸ்டிக்கும் படியில் உருண்டால், கீழே ஏறி வருபவர் கதி என்ன என்பதுதான் கேள்வி. இந்த ஒரு காரணத்துக்காகவே கூட்டமுள்ள இடங்களில் இவற்றை விட இன்னும் தயக்கம் இருக்கிறது.

இப்போது பூவுக்கு வருவோம். கூடையில் கை விட்டால் எந்தப் பூ எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. விரல் தடவியே காம்பைக் கண்டுபிடிக்கிறது. இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் வைத்து, ஈர நாரைச் சுற்றி, ஒரு சுருக்கு. அதிகம் இழுத்தால் காம்பு அறுந்துவிடும். குறைவாக இழுத்தால் தலையில் வைத்ததும் உதிரும். எவ்வளவு இழுப்பது என்பது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, கட்டுபவருக்கே சொல்லத் தெரியாது. பூ வளையும், நார் நனையும், மொட்டு மலரும். தரையைக் கணக்காக எழுதியதுபோல் இதை எழுத இன்னும் யாராலும் சரியாக முடியவில்லை. துணி, கயிறு, பூ, தோல் என்று வளையும் பொருள் எதுவாக இருந்தாலும் கணினி உலகத்து ஒத்திகை தடுமாறுகிறது. ரோபோ குட்டிக்கரணம் போடும் படம் நிறைய வருவதற்கும் பூ கட்டும் படம் வராததற்கும் காரணம் இதுதான்.

மலைமேல் மொட்டை போடும் இடத்தை நினைத்தால் இன்னும் தெளிவாகும். ஒரு வயதுக் குழந்தை வீறிட்டு அழுகிறது, தலையை ஆட்டுகிறது. மொட்டை போடுபவர் இடது கையால் தாடையைப் பிடித்தபடி, குழந்தை மூச்சு வாங்கும் அந்த ஒரு நொடி இடைவெளியில் கத்தியை இழுக்கிறார். அவர் பார்த்துச் செய்வதைவிடத் தொட்டுச் செய்வதே அதிகம். மனித விரல் நுனியைப் போல உணரும் செயற்கைத் தோல் இன்னும் ஆய்வகப் பொருள்தான். கடினமான வேலைப் பட்டியலில் மொட்டை போடுவதை நான் பூ கட்டுவதற்கும் மேலே வைப்பேன்.

இது விசித்திரமாகத் தோன்றுகிறதா? படித்தவர்கள் செய்யும் வேலை இயந்திரத்துக்கு எளிதாகவும், கைவேலை கடினமாகவும் இருக்கிறதே? ஆமாம். 1997-ல் டீப் ப்ளூ என்ற கணினி உலகச் சதுரங்க சாம்பியன் காஸ்பரோவை வென்றது. சதுரங்கத்தை உயிராக நினைக்கும் தமிழ்நாட்டில் அது பெரிய செய்தி. ஆனால் அன்று பலகையில் காயை எடுத்து வைத்தது ஒரு மனிதர். கணினிக்கு எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியும், எடுத்து வைக்கக் கை இல்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1988-ல் ஹான்ஸ் மொராவெக் என்ற ஆய்வாளர் தன் நூலில் இதைச் சொல்லிவிட்டார். பெரியவர்களின் தேர்வில் தேறும் கணினியைச் செய்வது ஓரளவு எளிது, ஒரு வயதுக் குழந்தை பார்ப்பதையும் நகர்வதையும் கொண்டுவருவது மிகக் கடினம் என்றார். நடப்பதும் பிடிப்பதும் பல கோடி ஆண்டு உயிரின வளர்ச்சியில் நம் உடம்பில் ஊறியவை. கணக்குப் போடுவது நேற்றுக் கற்றது. ஊறிப்போனது நமக்குத் தெரியாமலே நடப்பதால் அதை எளிது என்று நினைத்துக்கொள்கிறோம்.

மொராவெக் வேலை செய்தது அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோபோ ஆய்வு நிலையத்தில். அந்த நிலையத்தின் முதல் இயக்குநர் யார் தெரியுமா? நம் பக்கத்து ஆள். பெயர் ராஜ் ரெட்டி. 1937-ல் சித்தூர் மாவட்டம் காட்டூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1960 ஏப்ரல் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை திருத்தணியும் அதே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் இவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியா வழியாக அமெரிக்கா சென்றார்.

மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலையை அவர் 1960-களிலேயே தொடங்கிவிட்டார். குரலில் கட்டளை சொல்லி ரோபோவை இயக்கிக் காட்டியவர்களில் அவரும் அவர் குழுவினரும் முன்னோடிகள். கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் விருது 1994-ல் அவருக்கும் எட்வர்ட் ஃபைகன்பாமுக்கும் சேர்த்துக் கிடைத்தது. நீங்கள் போனைப் பார்த்துப் பேசும்போது அது கேட்டுக்கொள்கிறதே, அந்த வரலாற்றின் தொடக்கத்தில் இந்த மலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு கிராமத்துப் பையன் இருக்கிறார். இதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பேச்சு தேறிவிட்டதே, கையும் அப்படியே தேறாதா? இங்கேதான் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் வருகிறது. பேசும் ஏஐ எப்படிக் கற்றது? மனிதர்கள் எழுதி வைத்த புத்தகம், செய்தி, கடிதம் என்று மலைமலையாக இணையத்தில் கிடந்ததைப் படித்தது. கைவேலைக்கு அப்படி ஒரு நூலகம் இல்லை. பூ கட்டும்போது எந்த விரல் எவ்வளவு அழுத்தியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே அந்த நூலகத்தை இப்போது புதிதாகத் தயாரிக்கிறார்கள். தயாரிக்கும் இடங்களில் ஒன்று நம் கரூர்.

கரூரில் ஆப்ஜெக்ட்வேஸ் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அங்கே ஊழியர் நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு மேசை முன் நின்று துண்டு மடிக்கிறார். கூடையிலிருந்து துண்டை எடுக்க வேண்டும், உதறி நேராக்க வேண்டும், சொன்ன முறையில் மடித்து அடுக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனாலோ ஓர் அசைவு தவறினாலோ முதலிலிருந்து மறுபடியும். 2025-ல் இப்படி எடுத்த 200 படங்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குப் போயின. துண்டுக்கும் போர்வைக்கும் உலகமெங்கும் பெயர் பெற்ற கரூர், துண்டை மடிக்கும் கையையும் இப்போது ஏற்றுமதி செய்கிறது.

அந்தப் படங்களை வைத்து என்ன செய்வார்கள்? இதற்குப் பார்த்துக் கற்றல் (மனிதர் செய்வதைப் பல்லாயிரம் முறை காட்டி, அதே அசைவை இயந்திரத்துக்குப் பழக்குவது) என்று பெயர். எங்கே கை நீட்டினார், எங்கே பிடித்தார், எங்கே விட்டார் என்று ஒவ்வொரு நொடியையும் குறித்துக் கொடுக்க வேண்டும். அதையும் மனிதர்களே உட்கார்ந்து செய்கிறார்கள். வெளிநாட்டில் ஏதோ ஆய்வகத்தில் தானாக முளைக்கும் அறிவு என்று நாம் நினைப்பது, உண்மையில் நம் ஊர் ஆட்களின் கையிலிருந்து துளித்துளியாக எடுத்துச் சேர்க்கப்படுகிறது. மனிதரைப் போன்ற ரோபோ பற்றி நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

செல்போனில் வரும் படங்களை நம்பலாமா? பாதி நம்பலாம். நன்றாக நடந்த ஒரு முறையை மட்டும் காட்டியிருக்கலாம். வேகத்தைக் கூட்டியிருக்கலாம். முக்கியமாக, ரோபோவைத் தொலைவிலிருந்து ஒரு மனிதர் இயக்கிக்கொண்டிருக்கலாம். 2024 அக்டோபரில் டெஸ்லா நடத்திய விழாவில் ரோபோக்கள் விருந்தினருக்குப் பானம் ஊற்றிக் கொடுத்துப் பேசின. அவற்றுக்குப் பின்னால் தொலைவிலிருந்து மனிதர்கள் உதவியது பின்னர் தெரிந்தது. ஆகவே படம் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். தானே செய்கிறதா, யாராவது இயக்குகிறார்களா? உண்மையான வேகம்தானா? முன்பின் பார்க்காத இடத்திலும் செய்யுமா?

வீட்டுக்கு வாங்கக் கிடைக்கிறதா? கிடைக்கத் தொடங்கிவிட்டது. சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் ஜி1 என்ற ரோபோவை 2024-ல் 16,000 டாலர் தொடக்க விலை என்று அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 13 லட்சம் ரூபாய். ஒரு முறை சார்ஜ் போட்டால் இரண்டு மணி நேரம் ஓடும். அது பெரும்பாலும் ஆய்வுக்கும் கற்பிக்கவும் வாங்குவது. வீட்டுவேலைக்கென்று 1எக்ஸ் நிறுவனம் நியோ என்ற ரோபோவை 2025 அக்டோபரில் 20,000 டாலருக்கு முன்பதிவு செய்யவிட்டது. அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தெரியாத வேலை வந்தால், நிறுவனத்தின் ஆள் ஒருவர் தொலைவிலிருந்து ரோபோவின் கண் வழியாக உங்கள் வீட்டைப் பார்த்து, அந்த வேலையைச் செய்து கொடுக்கலாம் என்று நிறுவனமே சொல்கிறது. அந்த வசதியை ஏற்பதற்கு முன், உங்கள் சமையலறையிலும் படுக்கையறையிலும் முன்பின் தெரியாத ஒருவர் நிற்கச் சம்மதமா என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுவிடுங்கள். படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவர்களையும் சேர்த்துத்தான்.

நம் பேச்சு அதற்குப் புரியுமா? திருத்தணிக்காரர்களுக்கு இது தனிக் கேள்வி. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் என்று பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். நகரியிலிருந்து வரும் பெரியவர் பாதித் தெலுங்கில் விலை கேட்டால் கடைக்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார். கணினிக்கு அது பெரும்பாடு. எந்த மொழி என்று முடிவு செய்துகொண்டுதான் பல செயலிகள் கேட்கவே ஆரம்பிக்கின்றன.

இதைச் சரிசெய்ய முயற்சி இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, 22 இந்திய மொழிகளில் சாதாரண மக்கள் இயல்பாகப் பேசுவதைச் சேகரித்து 2024-ல் வெளியிட்டது. 145 மாவட்டங்களில் 16,000-க்கும் மேற்பட்டவர்களின் குரல், 7,300 மணி நேரத்துக்கும் மேல். ஏடு பார்த்துப் படிப்பவர்களின் குரல் மட்டும் இருந்தால் ஏட்டுத் தமிழ் மட்டுமே புரியும் என்பதால், பெரும்பகுதி தானாகப் பேசிய பேச்சு. இப்படிச் சேரச் சேர நம் கலப்புப் பேச்சும் ஒருநாள் புரியும். அதுவரை இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டால் உங்கள் பேச்சில் குறை என்று கூச்சப்படாதீர்கள். வாக்கியத்தைச் சின்னதாக்கி, ஒரே மொழியில் இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்.

புரிந்துகொள்கிறது என்கிறோமே, அதற்கு மனசு உண்டா? பேசும் ஏஐ, அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்துக் கணித்துப் பேசுகிறது. ரோபோவுக்குள் அதைப் போட்டால், அடுத்து எந்த அசைவு பொருத்தம் என்றும் கணிக்கும். அதற்கு வலிக்காது, கடைசிப் படியில் மூச்சு வாங்காது. திருத்தணியில் 1888-ல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், பிரிட்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளைத் தொகுத்து 1932-ல் வெளியிட்ட நூலில், பகுத்துப் பார்க்கும் அறிவு வேறு, நேரடியாக உணரும் உள்ளுணர்வு வேறு என்று விரிவாக எழுதினார். ரோபோவை நினைத்து எழுதிய நூல் அல்ல அது. ஆனால் பூ கட்டும் விரலுக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல முடியாமல் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரிவு நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு இதில் நடைமுறைச் செய்தி ஒன்றே. இயந்திரம் அன்பாகப் பேசுவதால் அக்கறை இருக்கிறது என்று நினைத்து, மருந்து, பணம், நிலம் பற்றிய முடிவை அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

வேலை போகுமா? கைவேலைக்காரருக்கு உடனடி ஆபத்து குறைவு. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி, ஒரே இடத்தில், கெட்டியான பொருளோடு செய்யும் வேலைக்குத்தான் முதல் அடி. கம்பெனி பஸ்ஸில் போய்ப் பெட்டி அடுக்குவது, பொருளை ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு எடுத்து வைப்பது போன்றவை அந்த வகை. மேசை வேலையில் கணக்கு எழுதுவது, தட்டச்சு, தொலைபேசியில் பதில் சொல்வது ஆகியவற்றுக்கு ரோபோவே வேண்டாம், உடம்பில்லாத ஏஐயே போதும். பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார், சமையல் மாஸ்டர், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் ஆயா ஆகியோர் ஒவ்வொரு வீட்டிலும் புதிது புதிதாக ஒன்றைச் சந்திக்கிறார்கள். இவர்களை நெருங்க இயந்திரத்துக்கு நாளாகும்.

எந்த வேலையும் போகக்கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். மலக்குழிக்குள் மனிதர் இறங்கும் வேலை இன்றே ஒழிய வேண்டும். சென்னை ஐஐடி உருவாக்கிய ஹோமோசெப் இயந்திரம் அதற்காகவே. சுழலும் கத்திகளைத் தொட்டிக்குள் இறக்கிக் கெட்டிப்பட்ட கழிவைக் கரைத்து, உறிஞ்சி எடுக்கும். அதற்கு முகமும் இல்லை, காலும் இல்லை, தேவையும் இல்லை. இஸ்ரோ 2020 ஜனவரியில் அறிமுகப்படுத்திய வியோமித்ரா, தலையும் கையும் உள்ள பெண் உருவ ரோபோ. ககன்யான் திட்டத்தின் ஆளில்லாச் சோதனைப் பயணத்துக்காகச் செய்தது. அதற்கும் கால் கிடையாது, விண்கலத்துக்குள் படி ஏது? வேலைக்கு எந்த உருவம் வேண்டுமோ அது போதும். மனித உருவம் இருந்தால்தான் உயர்ந்த ரோபோ என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

பிள்ளையை என்ன படிக்க வைப்பது? "ரோபோட்டிக்ஸ், ஏஐ, மூன்று மாதம், வேலை உறுதி" என்ற விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். ரோபோவில் மோட்டார், பேட்டரி, வயர், சென்சார் (வெளிச்சம், தூரம், அழுத்தம் போன்றவற்றை அளக்கும் கருவி), மென்பொருள் எல்லாம் இருக்கும். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் ஒழுங்காகப் படித்த பிள்ளை, இயந்திரம் நின்றால் திறந்து பார்க்கப் பயப்படாது. பாலிடெக்னிக்கில் மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த படிப்பு) எடுத்தால் இன்னும் நல்லது. கணக்கு அடிப்படை உறுதியாக இருந்தால் மீதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்றே ஆபத்தாக இருப்பது ரோபோ அல்ல, குரல். சில நொடிப் பதிவு இருந்தால் ஒருவர் குரலை ஏஐ அப்படியே பேசிக்காட்டும். வெளியூரில் இருக்கும் மகன் குரலில் "அம்மா, விபத்து, உடனே பணம் அனுப்பு" என்று அழைப்பு வரலாம். பதற வேண்டாம். அழைப்பைத் துண்டித்து, உங்களிடம் உள்ள மகன் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நடுவில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கடைசியாக, பூக்கடைக்கே திரும்புவோம். கரூரில் துண்டு மடிப்பதைப் படமெடுத்தவர்கள் நாளை பொதட்டூர்பேட்டைத் தறிக்கும் வரலாம், அடிவாரத்துப் பூக்கூடைக்கும் வரலாம். "அம்மா, நெற்றியில் இதைக் கட்டிக்கொண்டு எப்போதும்போல் கட்டுங்கள், தினம் இவ்வளவு தருகிறோம்" என்பார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வருமானம் வருமானம்தான். ஆனால் கேமராவைக் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். படம் யாரிடம் போகிறது? என் முகமும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்தி முகமும் அதில் வருமா, வந்தால் மறைப்பீர்களா? கூலி நாளுக்கா, படத்துக்கா, சரியில்லை என்று தள்ளிய படத்துக்கும் உண்டா? அதே படத்தை இன்னொருவருக்கு விற்றால் எனக்கு என்ன? நிறுத்த நினைத்தால் எடுத்ததை அழிப்பீர்களா? பதிலைத் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் கொடுக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை அழைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கேமராவை நெற்றியில் கட்டுங்கள்.